பாகற்காய்ச் சாறு சீனியைக் குறைக்கிறதா? வீட்டில் சோதித்துப் பார்க்கும் முறை

தீபாவளி முடிந்த மறுவாரம் அம்மாவின் விரலில் குத்திப் பார்த்தேன். வெறும் வயிற்றில் சீனி 11.8 காட்டியது (இது மில்லிமோல் கணக்கு; இந்தியாவின் மில்லிகிராம் கணக்கில் ஏறக்குறைய 212). செய்தி எப்படியோ எதிர்வீட்டுக்குப் போய், அன்று மாலையே அந்த வீட்டு அக்கா ஒரு பை நிறையப் பாகற்காயோடு வந்துவிட்டார். தினமும் காலையில் சாறு பிழிந்து ஒரு குவளை. அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே விடாமல் குடித்தார். பத்தாம் நாள் பார்த்தால் 8.1. கோயிலிலும் பசாரிலும் கல்யாண வீட்டிலும் பார்த்தவர்களிடமெல்லாம் அம்மா அதைச் சொல்லிவிட்டார்.

நானும் இரண்டு நாள் மகிழ்ந்துதான் இருந்தேன். மூன்றாம் நாள் அலமாரியைத் துடைக்கும்போது முறுக்கு டின்னும் அதிரச டின்னும் காலியாகக் கிடந்தன. அம்மா சாறு குடிக்கத் தொடங்கிய அதே வாரத்தில் பலகாரமும் தீர்ந்திருக்கிறது. சீனியை இறக்கியது பாகற்காயா, காலி டின்னா?

31 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இரண்டு கிண்ணத்தில் பச்சைப்பயறு போட்டு, ஒன்றை வெயிலிலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைத்து, "ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை" என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அந்தப் பாடத்தை என் சொந்த அடுக்களையில் அதுவரை நான் செய்து பார்க்கவில்லை. அதைச் செய்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இந்நோய் இருக்கிறது. இந்தியர்களிடையேதான் மிக அதிகம். அதனால் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். சொல்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சீனி அளவு இயல்பாகவே ஏறி இறங்கக்கூடியது. மிக உயரத்தில் இருக்கும் நாளில்தான் நமக்குப் பயம் வருகிறது, அன்றுதான் இலையையும் வேரையும் தேடிப் போகிறோம். உச்சிக்குப் போன அளவு நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் சற்று இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின் புகழ் அப்போது கையில் இருந்த இலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

யார் இதைச் செய்யக் கூடாது

இதை முதலில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அம்மா சாப்பிடுவது மெட்ஃபார்மின் மட்டும். அந்த மாத்திரை தனியாக இருந்து சீனியை அபாய அளவுக்குக் கீழே இறக்குவது அரிது. அதனால்தான் துணிந்தேன், அதுவும் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகு. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிகிளாசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நிலைமை வேறு. அவர்களுடைய மருந்தே சீனியை அதிகமாக இறக்கிவிடக்கூடும். மூலிகையும் உண்மையில் வேலை செய்தால் இரண்டும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். அளவு 3.9-க்குக் கீழே போனாலோ, கை நடுங்கி வியர்த்தாலோ, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடியும் குத்திப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகள், பிள்ளைகள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இந்தச் சோதனை வேண்டாம். ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்கள் பாகற்காய் விதையை அரைத்துக் குடிக்கக் கூடாது. ஃபாவா பீன்ஸ் சாப்பிட்டால் அவர்களுடைய சிவப்பணுக்கள் உடைவதற்குக் காரணமான வைசின் என்ற பொருள் அந்த விதையிலும் இருக்கிறது. இந்நாட்டில் குழந்தை பிறந்ததும் இக்குறைபாட்டைச் சோதித்துவிடுகிறார்கள்; உங்களுக்கு உண்டா என்று தெரியாவிட்டால் கிளினிக்கில் கேளுங்கள்.

மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. என் தாய்மாமா ஏதோ ஒரு வேரை நம்பி மூன்று மாதம் மாத்திரையை ஒதுக்கி வைத்தார். காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். பால்மரக் காட்டில் நாற்பது ஆண்டு நடந்த கால் அது.

"மாத்திரை ரசாயனம், இலை இயற்கை" என்று அம்மா வாதாடுவார். மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு செடிதான் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தி வந்தார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த பொருள் சீனியைக் குறைத்தது, ஆனால் நச்சுத்தன்மை கூடுதலாக இருந்தது. அதன் உறவுப் பொருளாக 1922-இல் மெட்ஃபார்மினை உருவாக்கினார்கள். 1957-இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். அந்தச் செடியை யாரோ பொறுமையாக அளந்து பார்த்தார்கள், அதனால் அது மாத்திரையானது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பாகற்காயையும் அளந்து பார்" என்றார். எங்கள் சோதனை அங்கேதான் தொடங்கியது.

எதைச் சோதிக்கலாம்

என் விதி ஒன்றுதான்: பல தலைமுறைகளாக நம் சமையலில் இருப்பதை, சமையல் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவில் மட்டும் சோதிப்பது. வெந்தயம், பாகற்காய், கறிவேப்பிலை, நெல்லிக்காய் இந்த வரிசையில் வரும்.

பத்தாவாலி வராது. எங்கள் பக்கத்தில் வேலியில் ஏறிக் கிடக்கும் கொடி. நம்மவர்கள் பலர் அதைச் சீந்தில் என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டுச் சீந்தில் வேறு, இது வேறு. தண்டைத் தடவிப் பார்த்தால் பத்தாவாலி முழுக்க மருமருவாக இருக்கும். 2004-இல் தாய்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் இதன் பொடியை நாளுக்கு 3 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். சீனியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்குக் கல்லீரல் நொதிகள் மிக அதிகமாக உயர்ந்தன. கசப்பாக இருப்பதாலேயே ஒரு பொருள் இனிப்பு நீருக்கு எதிரி ஆகிவிடாது.

பெயர் ஒட்டாத புட்டியில் வரும் மாத்திரைகள் அதைவிட மோசம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) என் சித்தப்பா வாங்கிவந்த ஒன்று இரண்டே நாளில் சீனியைப் பாதியாக்கியது. எல்லோருக்கும் ஆச்சரியம், எனக்கு மட்டும் பயம். இலையும் வேரும் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. உள்ளே கிளிபென்கிளமைடு போன்ற, சீனியை இறக்கும் ஆங்கில மருந்தையே கலந்திருக்கக்கூடும். 2008-இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரில், இனிப்பு நீர் இல்லாத 150 பேர் சீனி அபாயமாக இறங்கி மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இறந்துபோனார்கள். ஆண்மைக்கு என்று விற்ற போலி மாத்திரைகளிலும் மூலிகை மருந்துகளிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும், முடிவில் டி என்ற எழுத்தும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பட்டியலில் தட்டிப் பாருங்கள். எண் இருப்பதால் மருந்து பலன் தரும் என்று பொருளல்ல. எண் இல்லாததை வாயில் போடாதீர்கள்.

சிறுகுறிஞ்சான் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வந்த உறவினர் அதன் பொடி கொண்டுவந்தார். ஒரு சிட்டிகையை நாக்கில் தேய்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்பிவிட்டு, ஒரு தேக்கரண்டி சீனியை வாயில் போட்டேன். மணலை மெல்வது போல் இருந்தது, இனிப்பே இல்லை. அதை வைத்து, "பார், சர்க்கரையையே கொன்றுவிட்டது, உடம்பிலும் கொன்றுவிடும்" என்றார் அவர். அந்த இலையில் உள்ள பொருள் நாக்கின் இனிப்பு உணரும் இடத்தைச் சற்று நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான். நான் விழுங்கிய சீனி வயிற்றுக்குள் சீனியாகத்தான் போயிருக்கும். நாக்குக்கு நடப்பது வேறு, இரத்தத்தில் நடப்பது வேறு.

கருவியை முதலில் சோதியுங்கள்

விரலில் குத்திப் பார்க்கும் கருவியை நம்பித்தான் எல்லாம். அது தராசு போன்றது. தராசே சரியில்லாவிட்டால் என்ன நிறுத்து என்ன பயன்?

இந்தியாவிலிருந்து வரும் காணொளிகளில் 126, 180 என்று பேசுவார்கள். அது மில்லிகிராம் கணக்கு. நம் கிளினிக்கில் மில்லிமோல் கணக்கு. அவர்கள் எண்ணை 18-ஆல் வகுத்தால் நம் எண் வரும்: 126 என்பது 7.0. "180-இலிருந்து 144 ஆனது" என்றால் நமக்கு 10-இலிருந்து 8.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். ஒரு நாள் அம்மா மாம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே விரலை நீட்டினார். 14.6. எனக்கு நெஞ்சு திக்கென்றது. கையைக் கழுவச் சொல்லி அடுத்த விரலில் எடுத்தேன், 7.9. அந்த ஆறு ஏழு புள்ளி முழுவதும் விரல் நுனியில் ஒட்டியிருந்த மாம்பழச் சாறு. இந்த ஒரு விஷயத்தால் எத்தனை மூலிகைக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும் வந்திருக்குமோ.

சோதனைப் பட்டைகளின் டப்பாவை ஒன்றை எடுத்ததும் மூடிவிடுங்கள். ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். தகரக் கூரை வீட்டில் மதிய வெக்கை தாங்காது; வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

கருவி எவ்வளவு தடுமாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர அளவுகோலின்படி, 5.55-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முறை 15 விழுக்காட்டுக்குள் பிசகு இருக்கலாம். உண்மை அளவு 8 என்றால் 6.8 காட்டினாலும் 9.2 காட்டினாலும் கருவி தேறிவிடும். நான் ஒரே துளி இரத்தத்தில் இரண்டு பட்டை வைத்துப் பார்த்தேன்: 8.3, 7.7. ஆகவே "நேற்று 8.4, இன்று 7.8, மூலிகை வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் அந்த எண்களில் ஒன்றும் இல்லை.

ஆறு ஜோடி நாள்

ஒரு எண் ஏமாற்றும். பல எண்கள் சேர்ந்தால் ஏமாற்றுவது கடினம். நாங்கள் வெந்தயத்தைச் சோதித்தது இப்படி.

இரண்டிரண்டு நாளாக ஜோடி சேர்த்தோம். ஒரு ஜோடியில் ஒரு நாள் வெந்தயம், ஒரு நாள் இல்லை. எது முதலில் என்பதை 50 காசு நாணயம் முடிவு செய்யும். செம்பருத்திப் பூ உள்ள பக்கம் விழுந்தால் முதல் நாள் வெந்தயம். நாமே முடிவு செய்தால், "இன்று உடம்பு நன்றாக இருக்கிறது, இன்று குடிக்கலாம்" என்று நம்மை அறியாமலே நல்ல நாளை மூலிகைக்குக் கொடுத்துவிடுவோம். நாணயத்துக்குப் பாசம் இல்லை.

முதல் நாள் இரவு 10 கிராம் வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் அரைத்து ஒரு குவளை மோரில் கலக்கினேன். வெந்தயம் இல்லாத நாளில் அதே குவளையில் அதே அளவு வெறும் மோர். இதை மறந்துவிடாதீர்கள். மோர் ஒரு நாளும் வெறும் வயிறு ஒரு நாளும் என்றால் நாம் சோதிப்பது வெந்தயத்தையா மோரையா என்றே தெரியாது.

காலை 7 மணிக்கு முதல் குத்து. உடனே மோர். 7.30-க்குப் பசியாறல்: இரண்டு தோசை, சாம்பார், சீனி போடாத கோப்பி, வழக்கமான மாத்திரை. தோசை மாவை ஒரே கரண்டியால் தலை தட்டி ஊற்றினேன். அம்மா மூன்றாவது தோசை கேட்டார். பன்னிரண்டு நாளும் கொடுக்கவில்லை. முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து இரண்டு மணி நேரம், 9.30-க்கு, இரண்டாவது குத்து. நடுவில் நடை, நொறுக்கு எதுவும் இல்லை. காய்ச்சல் அடித்த ஒரு ஜோடியைக் கணக்கில் சேர்க்காமல் வேறு ஜோடி எடுத்தோம். காய்ச்சலே சீனியை ஏற்றிவிடும். எந்த நாளைத் தள்ளுவது என்பதை எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எண்ணைப் பார்த்த பிறகு தள்ளினால் அது பொய்க் கணக்கு.

இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் பசியாறியதால் எவ்வளவு ஏறியது என்று வரும். வெந்தய நாட்களில் 2.1, 3.0, 1.8, 2.6, 2.4, 2.9. வெறும் மோர் நாட்களில் 3.6, 3.1, 3.9, 2.5, 3.8, 4.1. ஆறு ஜோடியில் ஐந்தில் வெந்தய நாள் குறைவு. சராசரி வித்தியாசம் ஏறக்குறைய 1.

அம்மாவுக்கு ஒரே பெருமை. நான் அவரிடம் நாணயத்தைக் கொடுத்து ஆறு முறை சுண்டச் சொன்னேன். எந்த மருந்தும் இல்லாமலே ஐந்தோ ஆறோ செம்பருத்தி விழும் வாய்ப்பு 64-இல் 7, அதாவது நூற்றுக்கு 11. நம்பிவிடும் அளவுக்கு அது சிறிய எண் அல்ல. எனவே இன்னும் ஆறு ஜோடி செய்தோம். மொத்தம் பன்னிரண்டில் பத்து வெந்தயத்தின் பக்கம் நின்றது. தற்செயலாக அப்படி வர நூற்றுக்கு இரண்டுதான் வாய்ப்பு. அம்மாவுக்கு, இந்த அளவில், இந்தப் பசியாறலில், வெந்தயம் ஏதோ செய்கிறது என்று அதன் பிறகுதான் எழுதினேன். 50 பட்டை உள்ள டப்பா ஒன்று இதற்குக் கச்சிதமாகப் போதும்.

இது வியப்பல்ல. வெந்தயத்தின் கொழகொழப்பான நார் குடலில் மாவுச்சத்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளுக்கு 100 கிராம் கொடுத்தார்கள். நாம் சாம்பாரில் தாளிக்கும் அரைத் தேக்கரண்டியிடம் அவ்வளவு பெரிய அளவின் பலனை எதிர்பார்க்க முடியாது.

பாகற்காய்ச் சாற்றையும் அதே முறையில், விதை நீக்கி, ஆறு ஜோடி செய்தோம். மூன்று ஜோடி இந்தப் பக்கம், மூன்று ஜோடி அந்தப் பக்கம். சராசரி வித்தியாசம் 0.2. கருவியின் தடுமாற்றத்துக்குள் அது காணாமல் போய்விடும். மலேசிய ஆய்வாளர்கள் 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காக 479 பேரைக் கொண்ட நான்கு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், பாகற்காயைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தார்கள். அம்மா அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்வீட்டு அக்காவிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. பாகற்காய்ப் புளிக்குழம்பை நிறுத்த வேண்டாம், சாறு மட்டும் போதும் என்று சொல்லி அதை முடித்தேன்.

பிறகு ஒன்று தோன்றியது. அதே நோட்டில், மூலிகையே இல்லாமல், பசியாறியதும் இருபது நிமிட நடையைச் சோதித்தோம். குடையைப் பிடித்துக்கொண்டு தாமானை (எங்கள் குடியிருப்பை)ச் சுற்றிக் கோயில் வரை போய்வருவார். ஆறு ஜோடியிலும் நடந்த நாள் குறைவு. சராசரி வித்தியாசம் 1.9, வெந்தயத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த ஜோடி முறை ஒரு வேளைச் சாப்பாட்டில் உடனே வேலை செய்யும் பொருளுக்கு மட்டும் பொருந்தும். வாரக்கணக்கில் மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்லப்படும் பொருளுக்கு, கிளினிக்கில் எடுக்கும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. சோதனைதான் வழி. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் அது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிறது. இரத்தசோகையோ தலசீமியாவோ இருந்தால் தப்பாகக் காட்டும் என்பதையும் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். அம்மாவுக்கு அது 8.4 விழுக்காடு இருந்தது 7.8 விழுக்காடு ஆனது. அந்த மூன்று மாதத்தில் வெந்தயமும் இருந்தது, நடையும் இருந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றியது என் தவறு. எதன் பங்கு எவ்வளவு என்று இனிப் பிரிக்க முடியாது. நீங்கள் ஒன்றை முடித்து மூன்று மாதம் கழித்து அடுத்ததைத் தொடங்குங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது நோட்டையும் கூடவே கொண்டுபோனேன். டாக்டர் சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்களைவிட 7 மணி எண்களைத்தான் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெரும்பாலான நாட்களில் அவை 7.5-க்கு மேலே இருந்தன. இரவுச் சாப்பாடு என்ன, எத்தனை மணிக்கு என்று அம்மாவிடம் கேட்டார். ஒன்பதரைக்குச் சோறு என்றார் அம்மா. அடுத்த ஆறு ஜோடிக்கு நாணயத்தைச் சுண்டிவிட்டோம்: ஏழு மணிச் சோறு ஒரு நாள், ஒன்பதரை மணிச் சோறு ஒரு நாள்.